பன்னிரண்டரை மணி விமானத்துக்கு எந்த நாள் கிளம்புவது?

வாசகர் கேள்வி பதில் பகுதியில் இந்த முறை திருச்சிராப்பள்ளி சர்வதேச விமான நிலையம். பெயரில் திருச்சி இருந்தாலும், அங்கே பெட்டியோடு வரிசையில் நிற்பவர்களின் ஊரைக் கேட்டால் பட்டுக்கோட்டை, மன்னார்குடி, அறந்தாங்கி, காரைக்குடி, பெரம்பலூர், நாகப்பட்டினம் என்று நீளும். அதனால்தான் வந்த கேள்விகளில் பல விமானத்தைப் பற்றியே இல்லை. வீட்டு வாசலிலிருந்து முனையத்தின் கண்ணாடிக் கதவு வரை எப்படிப் போய்ச் சேர்வது என்பதைப் பற்றியவை. அவற்றுக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

சிங்கப்பூர் டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.30 என்று இருக்கிறது. பட்டுக்கோட்டையிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும்? தஞ்சாவூர் வழியா, புதுக்கோட்டை வழியா?
*பட்டுக்கோட்டை வாசகர்*

முதலில் தேதி. 15ஆம் தேதி 00.30 என்றால் 14ஆம் தேதி இரவு சாப்பிட்ட பிறகு வரும் பன்னிரண்டரை மணி. 15ஆம் தேதி மாலை பெட்டி கட்டத் தொடங்குபவர் விமானத்தை ஏற்கெனவே தவறவிட்டிருப்பார். நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் விமானங்கள் நிறைய உள்ள நிலையத்தில் இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. டிக்கெட் கைக்கு வந்ததும் அதன் மேலேயே பேனாவால் "14 இரவு" என்று எழுதிவையுங்கள். வழியனுப்ப வருபவருக்கும் அதே சொற்களில் சொல்லுங்கள்.

இனி நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுவோம். வெளிநாட்டு விமானங்களுக்கு செக்-இன் கவுன்ட்டரைப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடுவார்கள், சில நிறுவனங்கள் 75 நிமிடம் முன்பே. ஆக 11.15க்குப் பிறகு பெட்டி போட முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரிசை, பெட்டி எடை, அதிக எடையைப் பிரித்து அடுக்குவது எல்லாவற்றையும் சேர்த்தால் இரவு ஒன்பதரைக்கு முனையத்தில் இருக்க வேண்டும். பட்டுக்கோட்டையிலிருந்து ஒரத்தநாடு, தஞ்சாவூர் வழியாகத் திருச்சி நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். காரில் இரண்டரை மணி நேரம். அதன் மேல் ஒரு மணி நேரம் கையிருப்பு. ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் சரி. பஸ் என்றால் நான்கு மணிக்கு.

அந்தக் கையிருப்பு ஒரு மணி நேரத்தைக் குறைக்காதீர்கள். தஞ்சாவூர் சாலையில் வாழவந்தான்கோட்டை சுங்கச்சாவடி வரை வண்டி சீராக ஓடும். துவாக்குடி தாண்டி, திருவெறும்பூர் வழியாக நகரத்துக்குள் நுழையும் பகுதியில்தான் நேரம் கரையும். முகூர்த்த நாளின் மாலையில் அந்த ஒரு துண்டு மட்டுமே உங்கள் கணக்கைக் கெடுத்துவிடும். கார் ஓட்டுநரிடம் துவாக்குடிப் பக்கத்திலிருந்து மாத்தூருக்குப் போகும் அரைவட்டச் சாலையில் திரும்பச் சொல்லுங்கள். மாத்தூரில் புதுக்கோட்டை சாலையைப் பிடித்து, தெற்கிலிருந்து விமான நிலையத்துக்கு வந்துவிடலாம். நகரத்தைத் தொடவே வேண்டாம்.

ஆலங்குடி, புதுக்கோட்டை, கீரனூர் வழியும் நல்ல வழிதான். விமான நிலையம் நகர மையத்துக்குத் தெற்கே சுமார் 5 கிலோமீட்டரில், புதுக்கோட்டை சாலையை ஒட்டி இருக்கிறது. தெற்கிலிருந்து வருபவருக்கு ஊர் வருவதற்கு முன்பே ஏர்போர்ட் வந்துவிடும். இரவு நேரத்தில் தஞ்சை வழியாக நெரிசலைக் கடந்து வருவதைவிட எங்கள் பரிந்துரை இதுதான்.

இன்னொன்று. சிங்கப்பூர் போகிறவர்கள் எஸ்.ஜி. அரைவல் கார்டை, மலேசியா போகிறவர்கள் எம்.டி.ஏ.சி. எனும் மின்னணு அட்டையை, வந்திறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இரண்டும் இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. கவுன்ட்டரில் நின்றுகொண்டு கைபேசியில் இதை நிரப்புவதால்தான் உங்களுக்குப் பின்னால் வரிசை நகராமல் நிற்கிறது.

புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறினால் விமான நிலைய வாசலில் இறங்கலாமா?
*கீரனூர் வாசகர்*

நெடுஞ்சாலையில் விமான நிலைய நிறுத்தத்தில் இறங்கலாம். அது முனையத்தின் வாசல் அல்ல. 2024 ஜூன் 11 முதல் இயங்கும் புதிய முனையம், பழையதைப் போலச் சாலையோரமாக இல்லாமல் உள்ளே தள்ளி இருக்கிறது. தோள்பை மட்டும் என்றால் நடக்கலாம். இரண்டு பெரிய பெட்டியும் குழந்தையும் என்றால் நிறுத்தத்திலேயே ஆட்டோ பேசிவிடுங்கள். அந்தக் கடைசித் தூரத்துக்கான நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

பஸ்ஸில் ஏறும்போதே கண்டக்டரிடம் "ஏர்போர்ட் நிற்குமா?" என்று கேளுங்கள். 2025 ஜூலையில் பஞ்சப்பூர் பேருந்து முனையம் இயங்கத் தொடங்கிய பிறகு வெளியூர் வண்டிகளின் வழித்தடங்கள் மாறியிருக்கின்றன. பழைய பழக்கத்தை நம்பி ஏறி, வேறு வழியில் பஞ்சப்பூருக்குப் போய் இறங்கிவிட வேண்டாம்.

ரயிலில் திருச்சி ஜங்ஷன் வந்து இறங்கினால்?
*கரூர் வாசகி*

ஜங்ஷனிலிருந்து வெளியே வந்தால் சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு நடந்து போகும் தூரம். வெளியூர் வண்டிகள் பஞ்சப்பூருக்குப் போனாலும் நகரப் பேருந்துகள் அங்கிருந்து ஓடுகின்றன. டி.வி.எஸ். டோல்கேட் வழியாகப் புதுக்கோட்டை சாலையில் போகும் டவுன் பஸ் ஏதாக இருந்தாலும் விமான நிலைய நிறுத்தத்தைத் தொடும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்தப் பேருந்தில் பெட்டி வைக்க இடம் இருக்காது, படியும் உயரம். காலை எட்டிலிருந்து பத்து மணி வரை 30 கிலோ பெட்டியோடு அதில் ஏற முயல வேண்டாம். ஆட்டோ, டாக்சிக்கு இது குறைந்த தூரம்தான்.

இந்த இடத்தில் எங்கள் கருத்தையும் சொல்கிறோம். ஆயிரத்து நூறு கோடிக்கு மேல் செலவழித்து, ஆண்டுக்கு 44 லட்சம் பேரைத் தாங்கும் முனையம் கட்டியாகிவிட்டது. விமானம் வந்திறங்கும் நேரத்தைப் பார்த்து, முனைய வாசலிலிருந்தே ஜங்ஷன் வழியாகப் பஞ்சப்பூர் போய்ச் சேரும் பேருந்துகள், பெட்டி அடுக்கும் இடத்தோடு, இரவு முழுக்க ஓட வேண்டும். கட்டடத்தோடு ஒப்பிட்டால் இதற்கான செலவு மிகச் சிறியது. கூலி வேலைக்குப் போய் இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பும் ஒருவர், விமானத்தில் கடல் தாண்டி வந்த பிறகு, கடைசி நூறு கிலோமீட்டருக்குக் காரை வாடகைக்கு எடுத்தாக வேண்டிய நிலை நியாயமானது அல்ல.

நானும் குழந்தையும் மட்டும் இரவு 1 மணிக்கு வந்திறங்குகிறோம். கும்பகோணம் போக வேண்டும்.
*கும்பகோணம் வாசகி*

விமானம் தரை தொட்டதிலிருந்து வெளியே வர ஒரு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக இரண்டு மணி. அந்த நேரத்தில் பாதுகாப்பான வழி, முன்கூட்டியே ஊரிலிருந்து வரவழைத்த தெரிந்த வண்டி. அது இல்லையென்றால், விடியும் வரை முனையத்தின் வருகைக் கூடத்திலேயே உட்கார்ந்திருங்கள். வெளிச்சமும் காவலும் இருக்கும் இடம் அது. ஐந்து மணிக்குப் பஞ்சப்பூர் போனால் தஞ்சை, கும்பகோணம் வண்டி கிடைக்கும். வெளியே வந்து "எங்க போகணும்மா" என்று பையைப் பிடித்து இழுப்பவர்களின் வண்டியில் ஏற வேண்டாம். எந்த வண்டியில் ஏறினாலும் அதன் எண்ணைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள்.

அழைக்க வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. விமானம் இறங்கிய உடனே வண்டியை உள்ளே கொண்டு வராதீர்கள். பயணி பெட்டியைக் கையில் எடுத்துவிட்டுப் போன் செய்யட்டும், அதுவரை வெளியே காத்திருங்கள். பத்து வேன்கள் முன்கூட்டியே உள்ளே நின்றால் பதினோராவது வண்டிக்கு வழி இருக்காது.

ஏன் எல்லா விமானமும் நடுராத்திரியில்தான் வருகிறது?
*லால்குடி வாசகர்*

எல்லாம் இல்லை. ஆனால் கிழக்கே போகும் விமானங்கள் இரவில் குவிவதற்குக் காரணம் இருக்கிறது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே இரவு ஒன்பது மணிக்குக் கிளம்பினால் நான்கு மணி நேரப் பறத்தல் போக நம் கடிகாரத்தில் பத்தரைக்கு இங்கே இருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பிப் புறப்பட்டால் காலை ஏழு மணியளவில் அங்கே இறங்கும். அங்கிருந்து ஜப்பானுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போகிறவருக்குக் காலை விமானம் கிடைக்கும். பகலில் பக்கத்து ஊர்களுக்கு ஓடிய அதே விமானம் இரவில் சும்மா நிற்காமல் திருச்சிக்கு ஒரு நடை அடித்துவிடும். விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் குத்தகைப் பணம் ஏறிக்கொண்டே இருக்கும். குறைந்த கட்டண நிறுவனங்கள் இந்தக் கணக்கில்தான் பிழைக்கின்றன.

குடிநுழைவு வரிசையில் முக்கால் மணி நேரம் நிற்கிறோம். வழி உண்டா?
*காரைக்குடி வாசகர்*

வரிசையின் காரணம் முந்தைய பதிலிலேயே இருக்கிறது. 180 பேர் வீதம் இரண்டு விமானங்கள் கால் மணி இடைவெளியில் இறங்கினால் 360 பேர். உதாரணத்துக்கு 15 கவுன்ட்டர், ஆளுக்கு ஒன்றரை நிமிடம் என்று போட்டால் கடைசி ஆளுக்கு 36 நிமிடம்.

அடிக்கடி போய்வருபவர்களுக்கு நல்ல வழி ஒன்று வந்திருக்கிறது. மத்திய உள்துறையின் விரைவுக் குடிநுழைவுத் திட்டம் 2025 செப்டம்பர் 11 முதல் திருச்சியிலும் உண்டு. இந்தியக் குடிமக்களும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை உள்ளவர்களும் சேரலாம். எஃப்.டி.ஐ. டி.டி.பி. என்ற பெயரில் உள்ள அரசு இணையதளத்தில் விண்ணப்பித்து, பாஸ்போர்ட் பக்கங்களையும் புகைப்படத்தையும் ஏற்றுங்கள். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடிக் காலம் இருக்க வேண்டும். சரிபார்ப்பு முடிந்து அழைப்பு வந்ததும் விமான நிலையத்திலோ வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்திலோ கைரேகையும் முகப்பதிவும் கொடுத்தால் போதும். பிறகு தானியங்கிக் கதவு வழியாகப் போய்விடலாம். பதிவு ஐந்து ஆண்டு செல்லும். பாஸ்போர்ட் அதற்கு முன்பே முடிந்தால் பதிவும் முடிந்துவிடும். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும் தருவாயில் இருப்பவர்கள் புதியது வந்த பிறகு விண்ணப்பிப்பதே நல்லது.

பெட்டியில் எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது?
*மன்னார்குடி வாசகி*

நம் வீட்டுப் பொருள்களையே எடுத்துக்கொள்வோம். கொப்பரைத் தேங்காய் கூடாது. அதில் உள்ள எண்ணெய் வெப்பத்தில் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது, சர்வதேச ஆபத்துப் பொருள் பட்டியலிலேயே இருக்கிறது. கற்பூரமும் அப்படியே, எளிதில் எரியும் திடப்பொருள். கிரகப்பிரவேசத்துக்கென்று பூஜைச் சாமானைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தால் அதைப் பிரித்து கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் எடுத்துவிடுங்கள். நெய், ஊறுகாய், மிளகாய்த்தூள் ஆகியவற்றைக் கைப்பையில் வைக்காமல் சரக்குப் பெட்டியில் வையுங்கள். நெய் டப்பாவின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் பையில் போடுங்கள்.

கசகசா பற்றி அழுத்திச் சொல்கிறோம். நம் சமையலறையில் குருமாவுக்கு அரைக்கும் அதே கசகசா ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டது. மசாலாப் பொட்டலத்தில் கலந்திருந்தாலும் சிக்கல்தான்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 100 வாட்-மணி வரை தடையில்லை. 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் அது 74 வாட்-மணி, பயமில்லை.

ஒற்றைப் பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது, உங்கள் மொத்த அனுமதி அதற்கு மேல் இருந்தாலும். அட்டைப் பெட்டியைக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவது நம் ஊர் வழக்கம். அந்தக் கயிறு ஸ்கேனருக்குப் போகும் பெல்ட்டின் உருளைகளில் சிக்கும். அகலமான பேக்கிங் டேப்பை முழுச் சுற்றாக ஒட்டுங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் வெளியே மட்டுமல்ல, ஒரு தாளில் உள்ளேயும் இருக்கட்டும். வெளிச்சீட்டு கிழிந்து போனால் உள்ளே இருக்கும் தாள்தான் பெட்டியை வீடு சேர்க்கும்.

அறிமுகமில்லாதவர் தரும் பொட்டலத்தை, "ஊரில் ஆள் வந்து வாங்கிக்கொள்வார்" என்று சொன்னாலும் வாங்காதீர்கள். குருவி என்று பேச்சில் சாதாரணமாகச் சொல்கிறோம். பிடிபட்டால் சுங்கச் சட்டத்தின் முன் நிற்பது பொட்டலத்தைக் கொடுத்தவர் அல்ல, வைத்திருப்பவர்.

துபாயின் பெரிய விமான நிறுவனம் திருச்சிக்கு ஏன் வருவதில்லை? ஆள் இல்லையா?
*அறந்தாங்கி வாசகர்*

ஆள் இருக்கிறார்கள், அனுமதி இல்லை. ஒரு நாட்டு விமான நிறுவனம் இன்னொரு நாட்டில் எந்தெந்த ஊருக்கு, வாரத்துக்கு எத்தனை இருக்கை பறக்கலாம் என்பதை இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு முடிவு செய்கின்றன. துபாயுடனான ஒப்பந்தத்தின் ஊர்ப் பட்டியலில் திருச்சி இல்லை. வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கை என்ற வரம்பும் நிரம்பிக்கிடக்கிறது. இந்திய நிறுவனங்களுக்கு இந்த ஊர்க் கட்டுப்பாடு கிடையாது. திருச்சியிலிருந்து வளைகுடாவுக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போன்ற நம் நிறுவனங்களே பறப்பது அதனால்தான்.

கிழக்கே நிலைமை வேறு. ஆசியான் எனும் தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பு நாடுகளின் நிறுவனங்கள் எண்ணிக்கை வரம்பின்றிப் பறந்து வர இந்தியா 18 சுற்றுலா ஊர்களைத் திறந்துவிட்டது. அதில் திருச்சி உண்டு. சிங்கப்பூர், மலேசியா, வியட்நாம் நிறுவனங்கள் இங்கே வருவதையும் வளைகுடா நிறுவனங்கள் வராததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு காகிதத்தில் ஊர்ப் பெயர் இருப்பதன் மதிப்பு புரியும். டெல்டா மாவட்டங்களின் எம்.பி.க்கள் கேட்க வேண்டியது, பட்டியலில் திருச்சியைச் சேர்ப்பதை.

2024 அக்டோபரில் ஷார்ஜா விமானம் ஏன் இரண்டரை மணி நேரம் வட்டமடித்தது? உடனே இறக்கியிருக்கலாமே? ஓடுதளம் போதாதா?
*புதுக்கோட்டை வாசகர்*

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அன்று, அக்டோபர் 11ஆம் தேதி மாலை, 141 பயணிகளோடு கிளம்பிய போயிங் 737இல் ஹைட்ராலிக் கோளாறு, அதாவது திரவ அழுத்தத்தால் பாகங்களை இயக்கும் அமைப்பில் பழுது. அந்த வகை விமானம் சுமார் 79 டன் வரை எடையோடு மேலே எழும்பலாம், ஆனால் சுமார் 66 டன்னுக்குள் வந்த பிறகே வழக்கமாகத் தரையிறங்க வேண்டும். நான்கு மணி நேரப் பயணத்துக்கு நிரப்பிய எரிபொருள் அப்படியே இருக்கிறது. பெரிய விமானங்கள் சிலவற்றைப் போல எரிபொருளை வானில் கொட்டும் வசதி 737இல் கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும், மணிக்கு இரண்டரை டன் அளவில். ஹைட்ராலிக் பழுது என்றால் பிரேக், இறக்கை மடிப்புகள் எல்லாம் ஐயத்துக்குரியவை. கனமாகவும் வேகமாகவும் இறங்கினால் நிற்கக் கூடுதல் தூரம் வேண்டும். எடையைக் குறைத்துப் பத்திரமாக இறக்கினார்கள். விமானிகள் செய்தது சரியான வேலை.

திருச்சியின் ஓடுதளம் 8,136 அடி, அதாவது 2,480 மீட்டர். 737க்கும் ஏ320க்கும் இது போதும். முனையம் பெரிதாகிவிட்டது, ஓடுதளம் அதே நீளம். ஐரோப்பாவுக்கு நேரடியாக, முழு எரிபொருளோடு, உள்ளே இரண்டு நடைபாதை உள்ள அகல உடல் விமானம் பறக்க வேண்டுமென்றால்தான் குறை தெரியும். நம் வெயிலும் இதில் கூட்டுச் சேர்கிறது. காற்று 15 டிகிரியில் இருப்பதைவிட 38 டிகிரியில் ஏழு சதவீதம் அடர்த்தி குறைவு. இறக்கைக்குத் தூக்கு விசை குறையும், இன்ஜினுக்கு உந்துவிசை குறையும், ஓட வேண்டிய தூரம் கூடும். 12,500 அடியாக நீட்டும் திட்டம் நெடுநாளாகப் பேச்சில் இருக்கிறது. நிலம் எடுப்பதுதான் அதன் கடினமான பகுதி.

எங்கள் தோட்டத்து வாழை, முருங்கையை விமானத்தில் அனுப்ப முடியுமா?
*முசிறி விவசாயி*

முடியும். தனிச் சரக்கு விமானம் தேவையில்லை. பயணிகள் விமானத்தின் அடிவயிற்றிலேயே போகும். ஏற்றுமதியாளர் குறியீட்டு எண் வாங்கி, வேளாண் ஏற்றுமதிக்கான மத்திய அரசு அமைப்பான அபேடாவில் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு சரக்குக்கும் தாவரச் சுகாதாரச் சான்று, சுங்கத்துக்கான ஷிப்பிங் பில், விமான நிறுவனத்தின் சரக்குச் சீட்டான ஏர்வே பில் வேண்டும். ஐந்நூறு கிலோவுக்கு இதையெல்லாம் தனியாளாகச் செய்வது கட்டுபடியாகாது. முதலில் ஏற்கெனவே அனுப்பும் ஏற்றுமதியாளரிடம் சேர்த்துக் கொடுங்கள், அல்லது உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து கிளியரிங் ஏஜென்ட் வழியாகப் போங்கள்.

பணம் போகும் இடம் பெட்டியின் அளவு. சரக்குக் கட்டணம் உண்மை எடை, கன எடை இரண்டில் எது அதிகமோ அதற்கு. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000ஆல் வகுத்தால் கன எடை. முருங்கையை நீட்டி வைத்து 100 × 30 × 30 பெட்டியில் போட்டால் 15 கிலோ. உள்ளே பத்துக் கிலோ காய்தான் இருந்தாலும் பதினைந்துக்குக் கட்ட வேண்டும். வாழையை 50 × 30 × 20 பெட்டியில் சீப்பு சீப்பாக அடுக்கினால் கன எடை 5, உண்மை எடை 13. அங்கே நட்டமில்லை. முருங்கையில் இடைவெளி விடாமல் அடுக்கத் தெரிந்தவருக்குத்தான் லாபம்.

வாழையை 13 டிகிரிக்குக் கீழே குளிரவிட்டால் தோல் கறுத்துவிடும். கீரைக்கும் மல்லிகைக்கும் ஏற்ற குளிர் வாழைக்கு ஆகாது, ஒரே வண்டியில் கலந்து ஏற்றாதீர்கள். 737இன் அடிவயிற்றில் கன்டெய்னர் கிடையாது. பெட்டிகளை ஆள் உள்ளே குனிந்து கையால் அடுக்குவார். எனவே ஒவ்வொரு பெட்டியும் ஓர் ஆள் எளிதாகத் தூக்கும் எடையில் இருக்கட்டும், மேல் பெட்டியின் பாரத்தைத் தாங்கும் கெட்டி அட்டையாகவும் இருக்கட்டும்.

எது தவறும்? பயணிகளின் பெட்டி கூடுதலாக வந்தால் முதலில் இறக்கப்படுவது சரக்கு. வெயில் கடுமையான நாளில் எடை வரம்பு குறைந்தாலும் அதுதான். விடுமுறை முடிந்து எல்லோரும் திரும்பும் நாட்களில் அழுகும் சரக்கை ஒரே விமானத்தை நம்பி ஒப்படைக்காதீர்கள். முன்பதிவின்போதே மறுநாள் விமானத்தில் இடம் உண்டா, அதுவரை குளிர் அறையில் வைப்பார்களா என்று கேட்டுவையுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு ஏன் சின்ன விமானம்?
*வேதாரண்யம் வாசகர்*

யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியில் பயணிகள் விமானங்களுக்குக் கிடைக்கும் ஓடுதளம் நீளம் குறைந்தது. 2025 மார்ச் 30 முதல் இண்டிகோ பறக்கவிடுவது 78 இருக்கை உள்ள ஏ.டி.ஆர். 72. இறக்கையில் சுழலி வைத்த இவ்வகை விமானம் குறைந்த தூரத்திலேயே எழும்பவும் நிற்கவும் கூடியது. உள்ளே தலைக்கு மேல் இருக்கும் பெட்டி இடம் சிறியது, சக்கரம் வைத்த பெரிய கைப்பெட்டி அதில் நுழையாது. மென்மையான பையில் கட்டுங்கள்.